தலைமைத்துவம் படித்தவர்கள் தலைமை தாங்குகிறார்களா? பல்கலைக்கழகப் பயிற்சிகளை எப்படி அளப்பது

சென்ற மாதம் கட்டைபறிச்சானில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற தம்பி ஒருவர் தன்னுடைய சுயவிபரக் கோவையை எடுத்துக்கொண்டு வந்தார். பட்டம் முடித்து ஒன்றரை வருடமாகிறது. தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க இருப்பதால் ஆங்கிலத்தை ஒருமுறை பார்த்துத் தரச்சொன்னார். இரண்டாம் பக்கத்தில் தலைமைத்துவத் திறன்கள் என்ற தலைப்பின் கீழ் நான்கு சான்றிதழ்கள் வரிசையாக இருந்தன. இரண்டு நாள் செயலமர்வு, ஒரு நாள் செயலமர்வு, வதிவிடப் பயிற்சி, இணையவழிப் பயிற்சி.

போன மழைக்கு வெள்ளம் வந்தபோது பாதிக்கப்பட்ட வீடுகளின் பட்டியலில் விடுபட்ட ஏழு குடும்பங்களைச் சேர்ப்பதற்காக கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் மூன்று தரம் ஏறி இறங்கியவர் இவர்தான். ஊருக்கே தெரியும். கோவையில் அது இல்லை. ஏன் போடவில்லை என்று கேட்டேன். அதற்குச் சான்றிதழ் இல்லையே என்றார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. நமது பல்கலைக்கழகங்கள் தலைமைத்துவத்தை எப்படிக் கணக்கெடுக்கின்றனவோ அப்படியே அவரும் கணக்கெடுத்திருக்கிறார். ஆனால் இந்தக் கணக்கு சரியா? ஒரு பல்கலைக்கழகம் ‘எங்கள் மாணவர்களிடம் தலைமைத்துவத்தை வளர்க்கிறோம்’ என்று சொன்னால், அது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? ஊடகக் கற்கை படித்தவன், பிறகு பல பயிற்சிகளுக்கு வளவாளராகவும் போய் வந்தவன் என்ற வகையில் இந்தக் கேள்வி எனக்கு நெடுநாளாக இருக்கிறது. எங்கள் ஊர் போன்ற இடங்களுக்கு இது வெறும் கல்வித்துறைக் கேள்வி அல்ல என்பதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் சட்டதிட்டம். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது. 2012ல் வந்தது, 2015ல் திருத்தப்பட்டது. எந்தப் பட்டமும் மாணவருக்கு எதைத் தரவேண்டும் என்பதை அது 12 வகையான கற்றல் பேறுகளாகப் பிரிக்கிறது. பாட அறிவு, நடைமுறை அறிவு, தொடர்பாடல் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘குழுவேலையும் தலைமைத்துவமும்’ ஒரு தனி வகை. ஆகவே வணிகம் படித்தாலென்ன, சித்த மருத்துவம் படித்தாலென்ன, தலைமைத்துவம் விருப்பத்துக்கு உரிய மேலதிகச் சரக்கு அல்ல. பட்டத்தின் ஒரு பகுதி. கொடுத்தேன் என்று பல்கலைக்கழகம் காட்டவேண்டியது.

காட்டுவது எப்படி என்பதில்தான் சிக்கல். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டுப் பிரிவு கற்கைநெறிகளை மீளாய்வு செய்கிறது. மீளாய்வுக் குழு வரும், கோப்புகளைப் பார்க்கும், மாணவர்களுடன் பேசும், புள்ளியிடும். அது இல்லாத காலத்தைவிட இது நல்லது. ஆனால் கோப்பில் நிற்கக்கூடியவை என்ன? பாடத்திட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறதா, செயலமர்வு நடந்ததா, எத்தனை பேர் கையொப்பமிட்டார்கள், படம் எடுத்தார்களா. மாணவர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து மாற்றுக்கருத்துச் சொல்லப் பழகினாரா என்பதற்குக் கோப்பு கிடையாது.

முகாமுக்குப் போன வருடங்கள்

நமது நாட்டில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நடந்த ஆகப்பெரிய தலைமைத்துவத் திட்டத்தை நினைவுபடுத்தாமல் இதைப் பேசமுடியாது. 2011 மே மாதம், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான புதிய மாணவர்களுக்கு மூன்று வாரக் கட்டாயத் தலைமைத்துவப் பயிற்சியை அன்றைய உயர்கல்வி அமைச்சு தொடங்கியது. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 10,000 பேர் 28 முகாம்களுக்கு அழைக்கப்பட்டார்கள். பயிற்சியை நடத்தியது பாதுகாப்புத் தரப்பு. ஒழுக்கம் வளரும், பகிடிவதை குறையும், இனங்களுக்கிடையே நட்பு வரும் என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் எதிர்த்தது. உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் போயின, நீதிமன்றம் பயிற்சியைத் தடுக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் மாணவி ஒருவர் உயிரிழந்ததும் செய்தியானது. 2015ல் ஆட்சி மாறிய பிறகே திட்டம் நின்றது.

எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வருடத்துக்கு வேறு ஒரு அர்த்தம் இருந்தது. 2006 யூலையில் மாவிலாறு அணைப் பிரச்சினையோடு தொடங்கிய சண்டையில் மூதூர் கிழக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது. கட்டைபறிச்சான் ஆட்கள் பின்னர் ஊருக்குத் திரும்பினார்கள். சம்பூர் ஆட்களால் திரும்பமுடியவில்லை, அவர்களுடைய காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 2011ல் அவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் தகரக் கொட்டில்களுக்குள் இருந்தார்கள். அந்தக் கொட்டிலில் இருந்து உயர்தரம் படித்து, வெட்டுப்புள்ளி தாண்டி, பல்கலைக்கழக அனுமதி கிடைத்த பிள்ளைக்கு முதல் வந்த கட்டளை, முகாமுக்குப் போய்த் தலைமைத்துவம் கற்றுக்கொள் என்பது. தாய்மார் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அரசியலை ஒருபுறம் வைத்து, இத்திட்டத்தை ஒரு பயிற்சித் திட்டமாக மட்டும் மதிப்பிடுவோம். சொல்லப்பட்ட நோக்கங்களில் வெளியே நின்று சரிபார்க்கக்கூடியது ஒன்று இருந்தது: பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கி ஏற்கனவே பதின்மூன்று வருடம். 2011இலிருந்து திட்டம் நிற்கும்வரை வந்த அணிகள் முகாம் வழியாக வந்தவை. அவர்கள் இரண்டாம் வருடத்துக்கு ஏறியபோது பகிடிவதை நிற்கவில்லை. மானியங்கள் ஆணைக்குழு 2022ல் வெளியிட்ட ஆய்வு, அரச பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாய்மொழித் துன்புறுத்தலை அனுபவித்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. உடல்ரீதியான வன்முறையும் பாலியல் தொந்தரவும் அதே ஆய்வில் தனித்தனியாக வருகின்றன.

இதில் வியப்பு இல்லை. அணிவகுப்பு கற்றுக்கொடுப்பது மேலிருந்து வரும் சொல்லுக்குக் கீழ்ப்படிவதை. பகிடிவதையும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறது: சீனியர் சொன்னால் செய், அடுத்த வருடம் நீ சொல்லலாம். ஒன்றை மற்றதால் குணப்படுத்தலாம் என்று நினைத்தவர்களுக்கு நல்ல தைரியம்.

ஐந்துக்கு நாலரை

முகாம் போய்விட்டது, செயலமர்வு வந்துவிட்டது. நான் படித்த காலத்திலும் இருந்தது. பலூன் ஊதும் விளையாட்டு, பத்திரிகைத் தாளில் கோபுரம் கட்டுவது, வட்டமாக நின்று கையைப் பின்னிக்கொண்டு சிக்கல் அவிழ்ப்பது. கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு தாள் தருவார்கள். வளவாளர் எப்படி, மண்டபம் எப்படி, பயனுள்ளதாக இருந்ததா, ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளியிடுக. சாப்பாட்டு வாசம் வரும் நேரத்தில் மூன்று போடுகிற மனிதரை நான் கண்டதில்லை. சராசரி நாலரை வரும். அறிக்கையில் அது வெற்றி.

இது ஒன்றும் புதிய குறை அல்ல. டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959லேயே பயிற்சிகளின் மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்து எழுதினார். பங்குபற்றியவருக்குப் பிடித்ததா என்பது முதற்படி. கற்றுக்கொண்டாரா என்பது இரண்டாவது. திரும்பிப் போன இடத்தில் நடத்தை மாறியதா என்பது மூன்றாவது. அந்த மாற்றத்தால் ஏதாவது விளைந்ததா என்பது நான்காவது. ஏறத்தாழ எழுபது வருடமாக உலகமெங்கும் பயிற்சி நடத்துவோர் இந்த நான்கையும் படமாகப் போட்டுக்காட்டிவிட்டு முதற்படியோடு வீட்டுக்குப் போகிறார்கள். ஏனென்றால் முதற்படிக்கு ஒரு தாளும் பேனையும் போதும். மூன்றாவதற்கு ஆறு மாதம் கழித்து ஆளைத் தேடிப் போகவேண்டும்.

சரி, தாளையே கொஞ்சம் ஒழுங்காகப் பயன்படுத்தலாம் என்று பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். ‘எனக்குத் தலைமைத்துவத் திறன் இருக்கிறது’ என்பதற்கு மாணவர் முதல் நாளில் நான்கு போடுகிறார். பயிற்சி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மற்றவர் பேசும்போது தான் குறுக்கிடுவதை, வேலையைப் பகிரத் தெரியாமல் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்வதை அவர் உணர்கிறார். கடைசி நாளில் அதே கேள்விக்கு மூன்று போடுகிறார். கணக்குப் பார்த்தால் பயிற்சி அவரைக் கெடுத்துவிட்டது! உண்மையில் மாறியது அவருடைய அளவுகோல். அதனால்தான் சில ஆய்வாளர்கள் முன்பு கேட்பதை விட்டுவிட்டு, முடிந்த பிறகு இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள்: இப்போது தெரிந்ததை வைத்துப் பார்த்தால், அன்றைக்கு நீங்கள் எப்படி இருந்தீர்கள்? இன்றைக்கு எப்படி? அதிலும் ஓட்டை உண்டு. மினக்கெட்டுப் படித்ததற்கு ஏதாவது முன்னேறியிருக்கத்தானே வேண்டும் என்று மனம் அன்றைய புள்ளியைத் தானே குறைத்துவிடும். ஆனாலும் ஒரே அளவுகோலால் இரண்டையும் அளக்கிறோம்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. தலைமைத்துவச் செயலமர்வுக்குப் பெயர் கொடுப்பவர் யார்? ஏற்கனவே மாணவர் மன்றத்தில் இருப்பவர், மேடையில் பேசப் பயமில்லாதவர். இரண்டு வருடம் கழித்து அவர் ஏதோ ஒரு அமைப்பின் செயலாளராக இருந்தால், எங்கள் பயிற்சியால் வந்தவர் என்று படத்தோடு போடுகிறோம். பயிற்சி இல்லாவிட்டாலும் அவர் அங்கேதான் இருந்திருப்பார்.

மூதூர்ப் பக்கத்தில் வயல் செய்யும் எவருக்கும் இது புரியும். நல்ல மண்ணில் மட்டும் புதுப் பசளையைப் போட்டுவிட்டுப் பசளை நல்லது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரே வயலில் ஒரு துண்டுக்குப் போட்டு, பக்கத்துத் துண்டை விட்டுவைத்து, அறுவடையில் மூடையை எண்ணவேண்டும். பல்கலைக்கழகத்தில் இதைச் செய்ய வழி இருக்கிறது. நாற்பது இடத்துக்கு எண்பது பேர் விண்ணப்பித்தால் சீட்டுப் போட்டு நாற்பது பேரை இந்த வருடமும் மற்றவர்களை அடுத்த வருடமும் எடுக்கலாம். இடைப்பட்ட காலத்தில் இரண்டு குழுவையும் ஒப்பிடலாம். செலவு இல்லை, அநியாயமும் இல்லை. விருப்பமானவரைத் தெரிவுசெய்யும் வசதியை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எது உண்மையில் வளர்க்கிறது

அமெரிக்காவில் 2006ல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 52 உயர்கல்வி நிறுவனங்கள், 50,000க்கு மேற்பட்ட மாணவர்கள். ஜோன் டூகன், சூசன் கொமைவ்ஸ் ஆகியோர் முன்னின்று நடத்தியது. தலைமைத்துவத்தைப் பதவியாகப் பார்க்காமல், மற்றவர்களோடு சேர்ந்து ஒரு நல்ல மாற்றத்தைக் கொண்டுவரும் ஆற்றலாக எடுத்துக்கொண்டு அளந்தார்கள். அந்த ஆற்றலோடு ஆகக்கூடிய தொடர்பு காட்டிய பல்கலைக்கழக அனுபவம் எது தெரியுமா? செயலமர்வு அல்ல. தன்னிலிருந்து வேறுபட்ட மாணவர்களோடு சமூகம், அரசியல், மதம், வேறுபாடுகள் பற்றிப் பேசிப் பழகுவது. அதற்கு அடுத்தபடியாக, ஒரு பெரியவர் வழிகாட்டியாக இருப்பது, சமூக சேவை, சங்கங்களில் பொறுப்பெடுப்பது. குறுகிய பயிற்சிகளும் ஓரளவு பயன் தந்தன, அதை மறைக்கத் தேவையில்லை.

அமெரிக்க மாணவரும் நமது மாணவரும் ஒன்றல்ல. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்றும் ஆகிவிடாது. ஆனாலும் இந்த முடிவை வைத்துத் திருகோணமலையைப் பார்க்கும்போது எனக்கு நிறையத் தோன்றுகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், நிலாவெளிக்குப் போகும் வழியில் இருக்கிறது. கிண்ணியாப் பாலம் 2009லும் மற்றப் பாலங்கள் 2011லும் திறக்கப்படும்வரை எங்களுக்கு அந்தப் பக்கம் போவதென்றால் மூதூர் இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்திருக்கவேண்டும். இப்போது பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். மூதூரும் கட்டைபறிச்சானும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரே சந்தை, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பிரதேச செயலகம். ஆனால் ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு முஸ்லிம் பிள்ளையும் 2006ஐப் பற்றியோ காணிப் பிரச்சினையைப் பற்றியோ ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசுவதற்கு ஊரில் இடமில்லை. பள்ளிக்கூடமும் வேறு வேறு. அப்படிப் பேசக்கூடிய முதலாவது இடம் பல்கலைக்கழகம். அங்கேயும் மொழியாலும் விடுதி அறையாலும் சாப்பாட்டு மேசையாலும் பிரிந்தே இருந்து பட்டம் எடுத்துவிட்டு வந்தால், ஆகப்பெரிய தலைமைத்துவ வாய்ப்பு எவருக்கும் தெரியாமலே கைவிட்டுப் போகிறது. எந்தக் கோப்பிலும் அது குறையாகப் பதிவாகாது.

பகிடிவதையும் இங்கேதான் திரும்ப வருகிறது. முதல் வருடத்தில் சீனியரைக் கண்டால் தலைகுனிந்து நடக்கவேண்டும், இந்த உடுப்புத்தான் போடவேண்டும், இன்னாரோடு பேசக்கூடாது என்றிருக்கும் இடத்தில் வேறுபட்டவரோடு பேசுவது எப்படி? ஒரு பீடம் எவ்வளவு நல்ல தலைமைத்துவப் பாடம் வைத்திருந்தாலும், விடுதியில் இரவில் நடக்கிற பாடம் அதைவிட நீளமானது. ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமைத்துவ வளர்ப்பை மதிப்பிட வருகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, முதல் வருட மாணவி ஒருவர் அச்சமில்லாமல் முறைப்பாடு செய்யமுடிகிறதா என்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மாணவி என்று வேண்டுமென்றே எழுதுகிறேன். அரச பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டம் மாணவர் சங்கங்களை அங்கீகரிக்கிறது. தேர்தலும் நடக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் பட்டியலைப் பத்து வருடத்துக்கு எடுத்துப் பார்த்தால் அந்தப் பாதி அங்கே தெரிகிறதா? இதை அளப்பதற்கு ஆய்வாளர் தேவையில்லை. பழைய அறிவித்தல் பலகையே போதும். உபதலைவர், உபசெயலாளர் என்ற இடங்களில் பெண்களைப் போட்டு நிரப்பும் பழக்கத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முறையாக 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, கட்சிகள் பெயர் தேடி வீடுவீடாக அலைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பல்கலைக்கழகங்கள் இத்தனை வருடமாகப் பெண் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டிருந்த நாட்டில் அது.

ஊர் என்ன அளவுகோல் வைத்திருக்கிறது

கிழக்கில் வயல் செய்கிற இடங்களில் வட்டவிதானை என்று ஒருவர் இருப்பார். விவசாயிகள் கூடித் தெரிவுசெய்பவர். வாய்க்கால் துப்புரவு, தண்ணீர்ப் பங்கீடு, மாடு கட்டும் பிரச்சினை எல்லாம் அவர் தலையில். அவர் நல்லவரா கெட்டவரா என்று போகம் முடிய ஊர் சொல்லும். எப்படி? கடைசி வயலுக்குத் தண்ணீர் போனதா என்று பார்த்து. வாய்க்கால் தலைப்பில் இருப்பவருக்கு யார் விதானையாக இருந்தாலும் தண்ணீர் கிடைக்கும். கேர்க்பற்றிக் சொன்ன நான்காம் படி இதுதான்.

பட்டதாரிகளை அப்படிப் பார்க்க எங்களுக்குச் சந்தர்ப்பங்கள் வந்திருக்கின்றன. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி அனல் மின் நிலையம் அமைக்க இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.ரி.பி.சி. நிறுவனமும் திட்டமிட்டிருந்தன. இத்தகைய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியிடப்பட்டு, மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தரப்படும். நூற்றுக்கணக்கான பக்கம், தொழில்நுட்ப மொழி. மீன்பிடிச் சங்கத்தில் இருக்கும் ஒருவருக்கு, குளிரூட்டிய நீர் கொட்டியாரக் குடாவுக்குள் திரும்ப விடப்பட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த அறிக்கையிலிருந்து எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். எழுத்தில் ஆட்சேபம் தயாரிக்க ஆள் வேண்டும். கூட்டம் கூட்டவும், கூட்டத்தில் சத்தம்போடுபவரைச் சமாளிக்கவும் ஆள் வேண்டும். அந்த நாட்களில் திருகோணமலையில் சுற்றாடல் ஆர்வலர்களும் ஊர் ஆட்களும் சேர்ந்து எதிர்த்தார்கள், வழக்கும் போனது. 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக உயர் நீதிமன்றத்தில் அரசு அறிவித்தது. அதற்கு முன்பே 2015லும் 2016லும் சம்பூர்க் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டிருந்தன. கொட்டில்களில் இருந்துகொண்டு வருடக்கணக்காக அதைக் கேட்டு நின்றவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழக வாசல் காணாத பெண்கள்.

இதைச் சொல்வது பட்டதாரிகளைக் குறைசொல்ல அல்ல. எங்கள் மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கியதாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் ஒன்று. அதற்கென்று தனி 5 வீத ஒதுக்கீட்டில் பங்கு உண்டு. இந்த ஒதுக்கீட்டின் நியாயமே, படித்தவர் திரும்ப வந்து இங்கே ஏதாவது செய்வார் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்ததுதான். திரும்பி வந்த பட்டதாரி என்ன ஆகிறார்? 2017ல் கிழக்கு மாகாண வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் மாதக்கணக்காக வீதியோரத்தில் பந்தல் போட்டு இருந்தார்கள். அந்தப் பந்தலை நடத்தியதும் ஒரு தலைமைத்துவம்தான், சமையல் முறை போடுவதிலிருந்து அமைச்சரோடு பேசப் போவது யார் என்பது வரை. கோரிக்கை ஒன்றே ஒன்று, அரச வேலை. கிடைத்தவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக மேசைக்குப் பின்னால் போனார்கள். கிடைத்த மேசையில் இருந்துகொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று எந்தப் பல்கலைக்கழகமும் வந்து கேட்டதை எங்கள் பக்கத்தில் நான் காணவில்லை.

தமிழ்நாட்டிலும் இந்தியாவின் மற்ற மாநிலங்களிலும் நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. 1969ல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணித்தியாலம் சேவை செய்யவேண்டும், ஏழு நாள் ஒரு கிராமத்தில் முகாமிடவேண்டும். நமது முகாம் திட்டத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல், ஏனென்றால் மாணவர் போவது ஊருக்கு. ஆனால் அங்கேயும் எண்ணப்படுவது மணித்தியாலம். முகாம் முடிந்து மூன்று மாதம் கழித்து அந்த ஊர் மாதர் சங்கத்திடம், வந்த பிள்ளைகள் உங்களிடம் கேட்டார்களா அல்லது உங்களுக்குச் சொன்னார்களா என்று ஒரு தாள் நீட்டினால் மதிப்பீடே வேறுமாதிரி இருக்கும்.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்கலாம். பெரிய செலவு வேண்டாம். கடைசி வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் ஏதாவதொரு வெளி அமைப்போடு ஒரு தவணை வேலை செய்யட்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பள்ளிவாசல் சபை, ஆலய பரிபாலன சபை, எதுவும் சரி. தன் இனத்தைச் சேராத ஊர் என்றால் கூடுதல் நல்லது. புள்ளியில் ஒரு பங்கை அந்த அமைப்பே போடட்டும். இப்போது உள்ளகப் பயிற்சிக்கு நிறுவன மேலாளர் போடுகிறாரே, அதுபோல.

பட்டம் முடித்து இரண்டு வருடத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு. கேட்கவேண்டியது ‘உங்களுக்குத் தலைமைத்துவம் இருக்கிறதா’ என்பதை அல்ல. கடந்த ஒரு வருடத்தில் ஏதாவது பொதுக் கூட்டத்தில் பேசினீர்களா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமாவது எழுதினீர்களா, அல்லது இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தீர்களா? உங்களை எதிர்த்த ஒருவரோடு சேர்ந்து ஏதாவது செய்து முடித்தீர்களா? ஒரு பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கினீர்களா? ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள். பெயர் கொடுத்துப் பயிற்சிக்கு வராதவர்களிடமும் அதே கேள்விகள். ஒரு பீடத்தின் ஒரு அணிக்கு இதைச் செய்ய இரண்டு பயிலுநர்களும் ஒரு மாதமும் போதும். ஊடகக் கற்கை மாணவர்களிடமே கொடுக்கலாம், நேர்காணல் பழகின மாதிரியும் இருக்கும்.

எங்கள் தம்பியின் கோவையில் நான்கு சான்றிதழ்களையும் ஒரு வரிக்குள் சுருக்கி, வெள்ள நிவாரணப் பட்டியல் விடயத்தை மேலே ஏற்றினோம். எத்தனை குடும்பம், எந்த அலுவலகம், எத்தனை நாள் என்று விபரமாக எழுதச் சொன்னேன். உறுதிப்படுத்த யாருடைய பெயரைப் போடுவது என்றதில்தான் கொஞ்சம் நேரம் போனது. விரிவுரையாளர் ஒருவரின் பெயரைப் போடத்தான் அவருக்கு விருப்பம். கடைசியில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியின் தொலைபேசி இலக்கத்தைக் கீழே போட்டார். நிறுவனம் அழைத்தால் அந்த அக்கா சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசமாட்டார், தமிழில் கேட்கவேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பும் சேர்த்தோம்.